பழைய கேம், பழைய காமெடி: எதை எந்த வழியில் எடுப்பது?

விண்டோஸ் வருவதற்கு முன் கணினிகளை ஓட்டிய டாஸ் காலத்துக் கேம்கள் மேல் ஆசை இருப்பவர்களில் பலருக்கு அதே காலத்து பிரிட்டிஷ் டிவி காமெடிகள் மேலும் ஒரு கண் இருக்கும். இரண்டும் ஏறக்குறைய 1975 முதல் 1995 வரையிலான சரக்கு. இரண்டையும் உண்டாக்கியவர்களுக்குக் கையில் இருந்தது கொஞ்சம்தான்: அங்கே சில நூறு கிலோபைட், இங்கே ஒரு ஸ்டுடியோ, மூன்று சுவர். இன்றைக்கு அவற்றைத் தேடிப் போனால், கிடைப்பது பெரிய பிரச்சினை இல்லை. ஒரே கேம் அசல், திருத்தியது, புதுப்பித்தது, பிரவுசரில் ஓடுவது என்று நாலைந்து வடிவில் வந்து நிற்கிறது. ஒரே தொடர் டிவிடியில் ஒரு மாதிரியும் ஓடிடியில் இன்னொரு மாதிரியும் யூடியூபில் வேறு மாதிரியும் இருக்கிறது. எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம் விஷயத்தில் தாராளமாக இருங்கள், காமெடி விஷயத்தில் கறாராக இருங்கள். பழைய கேமில் நம்மைப் படுத்தியவற்றில் பாதி, அன்றைய இயந்திரத்தின் குறை. ஃப்ளாப்பி மாற்றுவது, கையேட்டைப் பார்த்து ரகசிய எழுத்தைக் கண்டுபிடிப்பது, சவுண்டு கார்டுக்கு எண் கொடுப்பது. இவற்றைத் தூக்கி எறிந்தாலும் கேம் கெடாது. காமெடி அப்படி இல்லை. ஒரு நடிகர் கதவைத் திறப்பதற்கு முன் விட்ட அரை வினாடியும், சட்டத்தின் ஓரத்தில் நிற்கும் ஆளின் முகமும்தான் சிரிப்பே. அதில் யார் கை வைத்தாலும் நமக்கு நஷ்டம்.

நேரம் எவ்வளவு இருக்கிறது?

முதலில் எதைத் தொடங்குவது என்று கேட்டால், உங்கள் இரவு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு சிறு ஹோட்டலில் நடக்கும் 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடர் மொத்தமே 12 எபிசோடு. 1975இல் ஆறு, 1979இல் ஆறு, ஒவ்வொன்றும் சுமார் அரை மணி நேரம். அவசரமே இல்லாமல் ஒரு வாரத்தில் முழுத்தொடரும் முடிந்துவிடும். ஜோர்டான் மெக்னர் 1989இல் வெளியிட்ட 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வில் இளவரசியை மீட்க உங்களுக்குக் கொடுத்திருப்பதும் 60 நிமிடம்தான். ஆனால் அந்த 60 நிமிடத்துக்குள் முடிக்கக் கற்றுக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். வேலை முடிந்து களைத்து வந்து உட்காருகிற ஆளுக்குக் கேம் இன்னொரு வேலை. அந்த இரவுகளுக்குக் காமெடியே சரி.

வீட்டில் மற்றவர்களும் இருந்தால், அதுவும் ஒரு கணக்கு. 'ஃபால்ட்டி டவர்ஸ்' ஆங்கிலம் சரியாகப் புரியாதவர்களையும் சிரிக்க வைக்கும். அதன் நாயகன் ஜான் கிளீஸ் தன் ஓடாத காரை மரக்கிளையால் அடிக்கும் காட்சிக்கு மொழி எதற்கு? அமைச்சரையும் அதிகாரிகளையும் கேலி செய்யும் 'யெஸ் மினிஸ்டர்' அப்படி எல்லோரையும் இழுக்காது. அதைத் தனியாகவோ, அரசு அலுவலகத்தில் கொஞ்ச நாளாவது வேலை பார்த்த ஒருவரோடு சேர்ந்தோ பார்ப்பது நல்லது. கேம்களில் வீட்டோடு ஆடக்கூடியது, கதைக்குள் புகுந்து புதிர் அவிழ்க்கும் அட்வெஞ்சர் வகை. ஒருவர் மவுஸைப் பிடிக்க, இன்னொருவர் பின்னால் நின்று "அந்தக் கயிற்றை எடு" என்று சொல்லலாம்.

கேமுக்கு: பழைய பொட்டியிலிருந்து ரீமாஸ்டர் வரை

பழைய கம்ப்யூட்டரையே தேடி வாங்கி ஆடுவதுதான் அசல் அனுபவம் என்று சொல்பவர்கள் உண்டு. படக்குழாய் மானிட்டரின் ஒளி, தட்டினால் சத்தம் போடும் கீபோர்டு, இதெல்லாம் உண்மையிலேயே சுகம்தான். ஆனால் அது வேறு பொழுதுபோக்கு. 386, 486 காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் ஒரு சின்ன நிக்கல்-காட்மியம் பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கும். அது வயதானால் கசிந்து பக்கத்திலுள்ள செப்புத் தடங்களைத் தின்றுவிடும். பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் போகும். ஃப்ளாப்பியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், நம் கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் அதன் மேல் பூஞ்சை பிடிக்கும். படக்குழாய்க்குள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும், தெரியாதவர் திறக்கக் கூடாது. சால்டரிங் இரும்பு பிடிப்பதில் உங்களுக்கு ஆனந்தம் என்றால் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வாருங்கள். கேம் ஆடத்தான் ஆசை என்றால் இந்த வழியை விட்டுவிடலாம்.

அடுத்தது டாஸ்பாக்ஸ். இன்றைய 64-பிட் விண்டோஸ் பழைய 16-பிட் நிரல்களைத் திறக்கவே திறக்காது. டாஸ்பாக்ஸ் ஒரு பழைய கணினியையே, சவுண்டு கார்டு உட்பட, மென்பொருளாக உருவாக்கிக் காட்டுகிறது. 2002இல் முதலில் வெளிவந்தது, இலவசம். இதன் பெரிய உபகாரம் வேகக் கட்டுப்பாடு. அன்றைய கேம்கள் பல, பிராசசர் ஓடும் வேகத்திலேயே ஓடும்படி எழுதப்பட்டவை. 1990இல் வந்த 'விங் கமாண்டர்' கொஞ்ச வருடம் கழித்து வந்த கணினிகளிலேயே கண்மண் தெரியாமல் பறந்தது. டாஸ்பாக்ஸில் கண்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். ஆட்டத்தின் நடுவிலேயே திருத்திக்கொள்ளலாம்.

இன்னொரு அமைப்பைப் பலர் கவனிப்பதில்லை. அன்றைய கேம்களில் பெரும்பாலானவை 320-க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டவை, ஆனால் காட்டப்பட்டது 4:3 திரையில். அதாவது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு உயரமாக இருந்தது. இன்றைய திரையில் அப்படியே விட்டால் வட்டம் நசுங்கும், ஆட்கள் குட்டையாகத் தெரிவார்கள். டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் 'ஆஸ்பெக்ட்' என்ற வரியில் 'ட்ரூ' என்று எழுதினால் போதும். கேமில் தாராளமாக இருக்கச் சொன்னவன்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். கட்டளை வரியில் தட்டிப் பழக்கமில்லாதவர்கள் அசல் டாஸ்பாக்ஸைவிட, அதிலிருந்து கிளைத்த 'டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்' என்பதை எடுக்கலாம். அதில் இந்தத் தலைவலிகள் குறைவு.

அட்வெஞ்சர் கேம் என்றால் டாஸ்பாக்ஸையும் தாண்டிப் போய் ஸ்கம்விஎம் எடுங்கள். 2001இல் லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் என்ற ஸ்வீடன்காரரும் இன்னொருவரும் தொடங்கியது. (இதே ஆள்தான் பின்னாளில் மியூடாரண்ட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை எழுதியவர்.) இது பழைய கணினியைப் போல நடிப்பதில்லை. கேமை ஓட்டும் எஞ்சினையே புதிதாக எழுதிவிட்டு, படம், ஒலி, வசனக் கோப்புகளை மட்டும் உங்களிடம் கேட்கிறது. அதனால் போனிலும் ஓடும், எந்த இடத்திலும் சேமிக்கலாம், வேகப் பிரச்சினையே கிடையாது. காசு செலவழிக்காமல், சட்டப்படி, இன்றிரவே தொடங்க வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி: 1994இல் வந்த 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' என்ற கேமை அதன் உரிமையாளர்களான ரெவல்யூஷன் நிறுவனத்தாரே இலவசமாக்கிவிட்டார்கள். ஸ்கம்விஎம் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். கதை இருண்ட எதிர்கால நகரம் ஒன்றில் நடக்கிறது, ஆனால் நாயகனோடு வரும் ரோபோவின் வாய்த்துடுக்கு அசல் பிரிட்டிஷ் காமெடி.

காசு கொடுத்து வாங்க நினைத்தால் ஜிஓஜி. போலந்தின் சிடி ப்ரொஜெக்ட் 2008இல் 'குட் ஓல்ட் கேம்ஸ்' என்ற பெயரில் தொடங்கிய கடை. டாஸ்பாக்ஸையோ ஸ்கம்விஎம்மையோ சேர்த்தே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள், வாங்கியவர் இரண்டு கிளிக் செய்தால் போதும். அதைவிட முக்கியம், பூட்டு எதுவும் கிடையாது. இன்ஸ்டாலரை இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டு வைத்துக்கொண்டால், நாளைக்குக் கடையே மூடினாலும் கேம் உங்களுடையது. தள்ளுபடி அடிக்கடி வரும், காத்திருப்பவருக்கு லாபம். பழைய கேமுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

பிரவுசரிலேயே ஆடும் வழியும் இருக்கிறது. இண்டர்நெட் ஆர்கைவ் 2015 ஜனவரியில் சுமார் 2,400 டாஸ் கேம்களை அப்படி ஆடும்படி வைத்தது. நம் ஊர்ப் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் லேபில் தொண்ணூறுகளில் 'டேவ்' ஆடிய தலைமுறைக்கு இதுவே போதும். (ஆம், 'டேஞ்சரஸ் டேவ்'. அதை எழுதிய ஜான் ரொமேரோதான் பின்னால் 'டூம்' செய்தவர்களில் ஒருவர்.) அந்தக் கோப்பையை எடுத்துக் கதவுக்குள் ஓடும் ஆசை பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். நீளமான கேமுக்கு இதை நம்பாதீர்கள், சேமித்த ஆட்டம் அடுத்த நாள் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. பல கேம்களுக்கு இன்னும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எப்போதோ விற்பனையை நிறுத்திவிட்டதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது.

கடைசியாக ரீமாஸ்டர். இதில்தான் ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். 1990இல் ரான் கில்பர்ட்டும் குழுவும் செய்த 'மங்கி ஐலண்ட்' என்ற அட்வெஞ்சர் கேமின் முதல் பாகம் 2009இல் புதுப் படங்களோடும் குரல்களோடும் வந்தது. கணினியில் எஃப்10 தட்டினால் புதுப் படம் மறைந்து அதே இடத்தில் பழைய புள்ளிப் படம் வரும். திரும்பத் தட்டினால் புதியது. அதில் ஒரு குறை, பழைய படத்துக்கு மாறினால் குரல் போய்விடும். 2010இல் வந்த இரண்டாம் பாகத்தின் புதுப்பதிப்பில் அதைச் சரிசெய்து, பழைய படத்தோடேயே குரலையும் கேட்க வைத்தார்கள். டிம் ஷேஃபரின் நிறுவனம் 2016இல் புதுப்பித்த 'டே ஆஃப் த டென்டக்கிள்' இன்னும் ஒரு படி மேல். படம், ஒலி, கட்டளைப் பலகை மூன்றையும் தனித்தனியாகப் பழையதுக்கோ புதியதுக்கோ மாற்றிக்கொள்ளலாம். கேமுக்குள்ளே ஒரு கம்ப்யூட்டர் இருக்கும், அதில் உட்கார்ந்தால் அதன் முந்தைய பாகமான 1987ஆம் வருட 'மேனியாக் மேன்ஷன்' முழுவதையும் ஆடலாம். அசலிலேயே இருந்த இந்த வேடிக்கையை ரீமாஸ்டரிலும் விட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆக, ரீமாஸ்டரை எடை போட எனக்கு ஒரே கேள்வி: பழையதுக்குத் திரும்பும் வழி உள்ளே இருக்கிறதா? இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பழையதை அழித்துவிட்டு வரும் ரீமாஸ்டர்தான் ஆபத்து. 'வார்கிராஃப்ட் 3' கேமுக்கு 2020இல் அப்படி நடந்தது. ஏற்கெனவே காசு கொடுத்துப் பழையதை வைத்திருந்தவர்களின் பிரதியும் புதிய பதிப்போடு சேர்த்து மாற்றப்பட்டுவிட்டது, ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். 2021இல் 'ஜிடிஏ' மூன்று கேம்களின் புதுப்பதிப்பு வந்தபோது பழையவற்றைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டு, எதிர்ப்பு வந்த பிறகு திரும்ப வைத்தார்கள்.

தாராளத்துக்கும் ஓர் எல்லை வேண்டும், அதைச் சொல்லாமல் விட முடியாது. நினைத்த இடத்தில் சேமித்து, செத்தால் அதே நொடிக்குத் திரும்பும் வசதி, பழைய கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள்கள் சிலவற்றில் இருக்கிறது. இதை எங்கே பயன்படுத்துவது? 1990இல் வந்த 'கிங்ஸ் குவெஸ்ட் 5'இல் ஆரம்பத்தில் ஒரு பூனை எலியைத் துரத்தும். அந்தச் சில வினாடியில் பூனையின் மேல் செருப்பை எறிந்து எலியைக் காப்பாற்றாவிட்டால், அப்புறம் ஒரு நிலவறையில் கட்டுண்டு கிடக்கும்போது காப்பாற்ற ஆள் வராது. கேம் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பல மணி நேரம் ஆட விட்டுவிட்டு அங்கே கழுத்தை அறுக்கும். இப்படிப்பட்ட கேமில் இருபது இடத்தில் சேமித்து வையுங்கள், விடைக்குறிப்பைப் பாருங்கள், வெட்கமே வேண்டாம். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வில் அதைச் செய்யாதீர்கள். தவறினால் அந்தக் கட்டத்தின் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும், கடிகாரம் நிற்காது என்ற பயம்தான் அந்த விளையாட்டே. ரசிகர்கள் டாஸ் பதிப்பைப் பிரித்துப் படித்து மறுபடி எழுதிய 'எஸ்டிஎல்பாப்' என்ற இலவச வடிவம் இருக்கிறது. அதில் இடையில் சேமித்துத் திரும்பினால் உங்கள் கடிகாரத்தில் கொஞ்சம் கழித்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. கேமைப் புரிந்தவர்கள் செய்த வேலை.

காமெடிக்கு: யார் வெட்டியது, யார் ஒட்டியது

காமெடிக்கு வழி மூன்றுதான்: டிவிடி, ஓடிடி, யூடியூப். யூடியூபை முதலில் தள்ளிவிடலாம். யாரோ ஏற்றிவைத்த முழு எபிசோடுகளில், உரிமைக்காரர்களின் கண்ணில் படாமல் இருக்கப் படத்தை இடவலமாகத் திருப்பியிருப்பார்கள், பெரிதாக்கியிருப்பார்கள், குரலின் சுருதியை ஏற்றியிருப்பார்கள். ஏஐ வைத்து மெருகேற்றியது என்று போட்டிருந்தால் எல்லார் முகமும் மெழுகு பொம்மை. சேனல்களே அதிகாரபூர்வமாகப் போடும் மூன்று நிமிடத் துண்டுகள் தரமாக இருக்கும், ஆனால் அதுவும் பிரச்சினைதான். 'ஃபால்ட்டி டவர்ஸ்' எபிசோடு ஒன்றில் முதல் பத்து நிமிடம் ஒரு பொய், ஒரு தப்பான அறைச் சாவி, ஓர் எலி என்று பொறுமையாக அடுக்குவார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லாம் ஒன்றாகச் சரியும். அந்தச் சரிவை மட்டும் வெட்டிப் போட்டால், ஒரு நெட்டை மனிதர் ஏன் இப்படிக் கத்துகிறார் என்றுதான் தோன்றும்.

ஓடிடியில் வசதி அதிகம், நம்பிக்கை குறைவு. 2021 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த 'சைன்ஃபெல்ட்' தொடரை அகலத் திரைக்குப் பொருத்துவதற்காக மேலும் கீழும் வெட்டியிருந்தார்கள். சாலையில் இருக்கும் ஒரு குழியைப் பற்றிய எபிசோடில், அந்தக் குழியே படத்தில் இல்லை! 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸில் 'சிம்ப்சன்ஸ்' தொடருக்கும் இதே கதி. மூன்று வகை பீர் என்று சொல்லி மூன்றும் ஒரே குழாயிலிருந்து வரும் ஜோக், குழாய் வெட்டுப்பட்டதால் செத்துப்போனது. ரசிகர்கள் கூச்சல் போட்டு, 2020இல் 4:3 வடிவம் திரும்ப வந்தது. பழைய தொடரைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கிறதா என்பதைத்தான். இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வெட்டு கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான். 1978 முதல் 1982 வரை ஓடிய அமெரிக்கத் தொடர் 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' ஒரு ரேடியோ நிலையத்தைப் பற்றியது. அன்றைய ராக் பாட்டுகள்தான் அதற்கு உயிர். பின்னால் மறுஒளிபரப்புக்கும் வட்டுக்கும் பாட்டுரிமை வாங்கக் கட்டுப்படியாகாமல், ஏதோ பெயர் தெரியாத இசையைப் போட்டு நிரப்பினார்கள். பாட்டைக் குறித்து வரும் வசனங்களுக்கு அப்புறம் அர்த்தமே இல்லை. எபிசோடே காணாமல் போவதும் உண்டு. 2020 ஜூனில் பிரிட்டனில் ஒரு தளம் 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரின் 'த ஜெர்மன்ஸ்' எபிசோடை எடுத்துவிட்டுச் சில நாளில் எச்சரிக்கை வரியோடு திரும்ப வைத்தது. இனவாதம் பேசும் கிழட்டு மேஜரைக் கேலி செய்யும் காட்சியை, கேலியா ஆதரவா என்று அவர்களே குழம்பிப் போனார்கள்.

அதனால் என் ஓட்டு டிவிடிக்கு. இந்தக் காலத்தில் டிவிடியா என்று சிரிக்கலாம், யூஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்று வாங்கினால் போதும். மண்டலக் குறியீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். பிரிட்டன் மண்டலம் 2, இந்தியா 5, வட அமெரிக்கா 1. கணினியின் டிவிடி டிரைவ்களில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், கடைசியில் அப்படியே உறைந்துவிடும். கனடாவில் இருந்துகொண்டு லண்டன் வட்டு வாங்குகிறவர் இதை முன்பே யோசிக்க வேண்டும்.

டிவிடியில் இருக்கும் ஒரு சுகத்துக்கு நல்ல உதாரணம், அமெரிக்கத் தொடரான 'மாஷ்'. கொரியப் போரின் ராணுவ மருத்துவமனை, 1972 முதல் 1983 வரை. அமெரிக்காவில் பதிவுசெய்த சிரிப்பொலியோடு ஓடியது. பிபிசி அதைச் சிரிப்பொலி இல்லாமல் ஒளிபரப்பியது. டிவிடியில் இரண்டையும் வைத்து, நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். சிரிப்பை நிறுத்திவிட்டுப் பாருங்கள், அது வேறு தொடர். கறாராக இரு என்று சொன்ன நானே இதை மட்டும் மாற்றிக் கேட்கச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தச் சிரிப்பு பின்னால் ஒட்டியது. பிரிட்டிஷ் ஸ்டுடியோ காமெடிகளில் கேட்கும் சிரிப்பு அப்படியில்லை. எதிரே உட்கார்ந்திருந்த நிஜமான பார்வையாளர்களுடையது. நடிகர்கள் அது அடங்கும்வரை காத்திருந்துதான் அடுத்த வரியைச் சொல்வார்கள். அதை நீக்கினால் காட்சி ஓட்டை விழுந்து கிடக்கும்.

வட்டைக் கணினியில் போட்டதும் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். அந்தத் தொடர்களின் உள்காட்சிகள் வீடியோ டேப்பில் பதிவானவை, வினாடிக்கு 50 பாதிப்படம். வெளிக்காட்சிகள் பிலிமில், 25 படம். ஆள் வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு வந்ததும் படமே மாறுவது போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான். பல பிளேயர்கள் உள்காட்சியையும் 25ஆகக் குறைத்துவிடும். அப்போது நாடகம் நேரில் நடப்பது போன்ற அந்த வழுக்கல் போய்விடும். விஎல்சி பிளேயரில் 'டீஇண்டர்லேஸ்' பகுதியில் 'யாடிஃப் 2எக்ஸ்' தேர்ந்தெடுங்கள். மறக்காமல் செய்யுங்கள்.

சப்டைட்டில் பற்றி. தமிழ் வாசகருக்கு இது அவசியமா என்றால், 'யெஸ் மினிஸ்டர்' தொடருக்கு அவசியம். நைஜல் ஹாதோர்ன் நடித்த மூத்த அதிகாரி சர் ஹம்ஃப்ரி, மூச்சு விடாமல் ஒரு நீண்ட வாக்கியத்தில் எதையுமே சொல்லாமல் முடிப்பதுதான் அந்தத் தொடரின் உச்சம். காதால் மட்டும் பிடிக்க முடியாது. ஆனால் எழுத்து வசனத்துக்கு முன்பே வந்துவிடும். பட்டிமன்றத்தில் பக்கத்து சீட்டுக்காரர் பேச்சாளருக்கு முந்திக்கொண்டு ஜோக்கைச் சொல்லிவிடுவது மாதிரி. முதல் தடவை சப்டைட்டிலோடு, இரண்டாம் தடவை இல்லாமல். 1980 முதல் 1988 வரை 'யெஸ் மினிஸ்டர்', 'யெஸ் பிரைம் மினிஸ்டர்' என்று இரண்டு பெயர்களில் வந்தது மொத்தம் 38 எபிசோடுதான், இரண்டு தடவை பார்ப்பது பாரமில்லை. கோட்டையில் ஒரு கோப்பு எப்படி நகரும், எப்படி நகராது என்று அறிந்தவர்கள் ஹம்ஃப்ரியை லண்டன்காரராகவே நினைக்க மாட்டார்கள். நம் தலைமைச் செயலகத்துக்கும் மூலம் அங்கேதானே இருக்கிறது.

சொந்தமாக வட்டு வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிபிசியே அன்று தன் டேப்புகளை அழித்தது. டேப் விலை அதிகம், ஒருமுறை ஒளிபரப்பியதை யார் திரும்பக் கேட்பார்கள் என்று அதன் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். 1968 முதல் 1977 வரை வந்த காமெடித் தொடரான 'டாட்ஸ் ஆர்மி'யின் 80 எபிசோடுகளில் மூன்று இன்னும் கிடைக்கவில்லை. ஓர் எபிசோடின் வண்ண டேப் போய், கறுப்பு-வெள்ளை பிலிம் நகல் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த நகலை எடுத்தபோது வண்ணத் தகவல் மெல்லிய புள்ளிகளாகப் படத்தில் பதிந்துவிட்டிருந்தது, வடிகட்ட மறந்திருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளைக் கணினியில் படித்து வண்ணத்தை மீட்டு, 2008இல் ஒளிபரப்பினார்கள்.

இரண்டும் சேரும் இடம்

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. 1993இல் வந்த 'சைமன் த சார்சரர்' கேமின் சிடி பதிப்பில் நாயகனுக்குக் குரல் கொடுத்தவர் கிறிஸ் பேரி, 'ரெட் டுவார்ஃப்' தொடரின் ரிம்மர். 1995இல் வந்த 'டிஸ்க்வேர்ல்ட்' இன்னும் பெரிய கூட்டம். மாண்டி பைத்தான் காமெடிக் குழுவின் எரிக் ஐடில் நாயகன், 'பிளாக்ஆடர்' தொடரில் பால்ட்ரிக்காக நடித்த டோனி ராபின்சன் வேறு பல பாத்திரங்களில். இரண்டுமே ஸ்கம்விஎம்மில் ஓடும். எண்பதுகளில் 'யெஸ் பிரைம் மினிஸ்டர்' பெயரிலேயே ஒரு கேம் வந்தது, அது ஆர்வக்கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும்.

எங்கே தொடங்குவது என்று நேராகக் கேட்டால்: களைத்த ஆளுக்கு 'ஃபால்ட்டி டவர்ஸ்', டிவிடியில், ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு, அதற்கு மேல் வேண்டாம். அடுக்கிப் பார்த்தால் கத்தல் மட்டும்தான் காதில் நிற்கும். விடுமுறையில் இருப்பவருக்கு 'மங்கி ஐலண்ட்' 2009 பதிப்பு. அதில் வேண்டுமென்றே முயன்றாலொழியச் சாகவும் முடியாது, சிக்கிக்கொள்ளவும் முடியாது, கில்பர்ட் அதைக் கொள்கையாகவே வைத்திருந்தார். வாள்சண்டையில் ஜெயிக்க வாளைவிட வசவு முக்கியம் என்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு இயல்பாகவே வரும். அதை முடித்தவருக்கு 'யெஸ் மினிஸ்டர்'. இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும் என்பவர் 'டிஸ்க்வேர்ல்ட்' எடுக்கலாம், ஆனால் அதன் புதிர்களுக்குத் தர்க்கம் என்று ஒன்று கிடையாது. முதல் அங்கத்திலிருந்தே விடைக்குறிப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, எரிக் ஐடில் பேசுவதைக் கேட்பதற்காக மட்டும் ஆடுங்கள்.